அடிக்கடி திறந்துவைக்கப்பட்ட சலூன்

அந்தச் சலூன் வாசலில் நான்காவது முறையாக ரிப்பன் கட்டியபோது, பக்கத்துச் சலவைக்கடை அக்கா வெளியே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் தம்பி, இதை எப்பத்தான் மூடினீங்க, மறுபடி மறுபடி திறக்கறதுக்கு?"

சலூன்காரர் ரிப்பனைப் பார்த்தார். சிரித்து வைத்தார். இரவல் கோட்டு அவருக்குத் தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் தொழில் ஊக்க மையத்திலிருந்து அந்தக் கோட்டு வரும். விழா முடிந்ததும் போய்விடும்.

காரணம் எளிது. சுழல் நாற்காலி ஒரு அமைப்பு கொடுத்தது. கண்ணாடி இன்னொரு அமைப்பு. முதல் வருட வாடகை வேறொரு அமைப்பு. கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தாங்கள்தான் கடையைத் திறந்ததாகப் புகைப்படம் வேண்டியிருந்தது. நாற்காலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத் திறந்தார்கள். கண்ணாடிக்காரர்கள் அதன்மேல் துணி போர்த்தி, பிறகு விலக்கித் திறந்தார்கள். உள்ளே தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிறப்பு விருந்தினரே கைதட்டினார். வாடகைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். நான்காவது விழா, முந்தைய மூன்று விழாக்களும் வெற்றிகரமாக நடந்ததைப் பாராட்டி.

இத்தனை பேர் திறந்த கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள்தான் குறைவு.

எல்லைக்கு அந்தப் பக்கம், சண்டை வருவதற்கு முன்னால், பேருந்து நிலையத்தை ஒட்டி அவருக்கு ஒரு சலூன் இருந்தது. சண்டை ஊருக்குள் வந்தபோது கடை போயிற்று, கடை இருந்த தெருவும் போயிற்று. மனைவியுடன் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவருக்குக் கிடைத்த வேலை மீன் குளிரறையில். ஐஸைக் கிளறி மீனை அடுக்கவேண்டும். மனைவிக்கு அதே இடத்தில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. அங்கே ஐஸ் கிடையாது. சில வருடங்களில் அவருடைய விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. மடங்கினால் நிமிர மறுத்தன. மருத்துவர் விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச காலம் ஐஸ்ல கைவச்சீங்கன்னா கத்திரியை மறந்துடுங்க" என்றார்.

அதனால்தான் அவர் தொழில் ஊக்க மையத்தின் கதவைத் தட்டினார். கடை வைத்தால் கை பிழைக்கும். இல்லையென்றால் மறுபடி குளிரறை.

அந்த மையம், வந்து குடியேறியவர்களைத் தொழில்முனைவோர் ஆக்குவதற்காக நடத்தப்பட்டது. அதன் ஒருங்கிணைப்பாளர் அம்மாவைக் குறைசொல்ல முடியாது. எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு நகராட்சிக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் ஓடி, வெளிநாட்டான் பிளேடைத் தொடலாமா என்று முகம் சுளித்தவர்களிடமெல்லாம் மல்லுக்கட்டி, உரிமம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவர் இல்லாமல் அந்தக் கடையே இல்லை. சிக்கல் எங்கே என்றால், வாங்கிக் கொடுத்த பிறகும் அவர் ஓடுவதை நிறுத்தவில்லை.

முதலில் பயிற்சி வகுப்பு. நடத்தியவர் சொந்தமாகத் தொழில்கள் ஆரம்பித்து, எல்லாவற்றையும் மூடியவர். அந்த அனுபவம்தான் அவருடைய தகுதி. எல்லோருக்கும் கலர் காகிதம் கொடுத்து, "உங்க வாடிக்கையாளரை வரைங்க. அவரோட பயம் என்ன, கனவு என்ன, எழுதுங்க" என்றார்.

சலூன்காரர் ஒரு தலையை வரைந்து, அதில் முடி வரைந்தார்.

"முடி முக்கியம் இல்லை" என்றார் பயிற்சியாளர். "முடிக்கு அடியில என்ன ஓடுதுன்னு யோசிங்க."

"பேனுங்களா சார்?"

வகுப்பில் சைக்கிள் பழுதுபார்க்கப்போகிறவர் சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அடுத்த பாடம் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்'. கதை இல்லாத தொழிலுக்கு எந்த அமைப்பும் உதவாதாம்.

"எப்படி வந்தீங்க இந்த நாட்டுக்கு?"

"பஸ்ல சார்."

பயிற்சியாளரின் முகம் வாடியது. "பஸ்லயா? முழுசுமா?"

"எல்லை வரைக்கும் ஒரு பஸ்ஸு. தாண்டினதும் இன்னொண்ணு. முத பஸ்ல இடமில்ல, வெங்காய மூட்டை மேல உட்கார்ந்துட்டு வந்தேன்."

"வெங்காயம் வேணாம், சிரிச்சிடுவாங்க. நடுவுல தண்ணி ஏதாவது வந்துச்சா?"

"ஒரு ஆறு வந்துச்சு. பாலம் இருந்துச்சு."

"பாலத்தை விடுங்க. ஆறுன்னா படகு இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும் சார்."

இந்த இடத்தில் அவருடைய தொழில் பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். நாற்காலியில் இருப்பவர் என்ன பேசினாலும் அவர் ஆமாம் போடுவார். மழை வரும் என்றால் வரும். வராது என்றால் எங்கே வரப்போகிறது. கையில் கத்தி இருக்கும்போது வாதம் செய்தால் எதிராளி தலையை ஆட்டுவார். தலை ஆடினால் காது போகும். எத்தனையோ வருடம் ஆமாம் போட்டுப் பழகிய வாய், நாற்காலி இல்லாத இடத்திலும் ஆமாம் போட்டது. மையத்துக்கு அவரை மிகவும் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஆகவே படகு வந்தது. முதல் கூட்டத்தில் அவர் படகில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கூட்டத்தில் துடுப்புப் போட்டார். அடுத்ததில் படகில் ஓட்டை விழுந்து, சவரக் கிண்ணத்தால் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினார். மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அதைக் கேட்க அவருக்கும் சுகமாகத்தான் இருந்தது. சலூனில் கதை சொல்வதும் தொழில்தானே.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டார்.

"அந்தப் படகுல நான் எங்க இருந்தேன்?"

"நீ... நீ கரையில இருந்தே."

"ஓ. கட்டின பொண்டாட்டியைக் கரையில விட்டுட்டுத் துடுப்புப் போட்டுட்டு வந்திருக்கீங்க. நல்லா இருக்கு."

அடுத்த கூட்டத்தில் மனைவியும் படகில் ஏற்றப்பட்டார். பேருந்து நிறுத்தங்களிலும் நூலகத்திலும் சுவரொட்டி வந்தது: சவரக் கிண்ணத்தோடு அவர், பின்னால் கடல். தெருவில் அவருக்குப் 'படகுக்காரர்' என்றே பெயராகிவிட்டது. அவர் அந்தச் சுவரொட்டிகளில் ஒன்றைச் சுருட்டி வீட்டில் வைத்திருந்தார். மனைவி அதில் அலமாரித் தட்டுக்கு விரிப்புப் போட்டார்.

கடைக்கு ஒரு பலகையும் வைத்தார்கள். அதில் 'புகலிடம் தேடி வந்தவரின் கைகளால் ஒரு புதிய தொடக்கம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே உதவிய அமைப்புகளின் சின்னங்கள். சின்னங்கள் போக மிஞ்சிய மூலையில், பொடி எழுத்தில், சலூன்.

பலகையைப் பார்த்த தெரு ஜனங்கள் பெருந்தன்மையுடன் நடந்துகொண்டார்கள். காலையில் அவர் கடையைத் திறக்க வரும்போது வாசலில் பழைய துணி மூட்டைகள் இருக்கும். ஒருநாள் ஒரு கால் இல்லாத நாற்காலி. ஒருநாள் சக்கரம் கழன்ற குழந்தை வண்டி. ஒருவர் கம்பளியோடு உள்ளே வந்து, "இதை எங்க குடுக்கணும்?" என்று கேட்டார். அவருடைய தலைமுடி காதை மூடிக்கொண்டிருந்தது.

"முடி வெட்டிக்கறீங்களா?" என்றார் சலூன்காரர்.

"ஐயோ, வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

சலவைக்கடை அக்கா மூட்டைகளை எட்டிப் பார்த்தார். "உங்க வாசல்ல போடறதைத் துவைச்சே நான் பணக்காரி ஆயிடுவேன் போல. போன வாரம் ஒரு அம்மா வந்து, இங்க சாப்பாடு எத்தனை மணிக்குத் தருவாங்கன்னு என்னைக் கேட்டுட்டுப் போச்சு."

துணிந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள், சுவரொட்டி பார்த்தவர்கள். அவர்கள் வெட்டிக்கொண்டார்கள், பாராட்டினார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், சிலர் கண் கலங்கினார்கள். ஒருவருக்குப் பிடரியில் பிளேடு பட்டு ரத்தமே வந்துவிட்டது. சலூன்காரர் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தார். காயம் பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க பட்ட கஷ்டத்துக்கு முன்னாடி இதெல்லாம் என்னங்க" என்றார்.

வந்தவர் யாரும் திரும்பி வரவில்லை.

இது சலூன்காரருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது.

"இதுவரைக்கும் யாராச்சும் உங்களைத் திட்டினாங்களா?"

"சேச்சே. எல்லாரும் பாராட்டிட்டுத்தான் போறாங்க."

"அதாங்க கேக்கறேன். நம்ம கடைக்கு ஒரு வாத்தியார் வருவாரே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் கிருதா ஏறியிருக்கு, இறங்கியிருக்குன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாரு. அடுத்த மாசம் முத ஆளா வந்து உட்கார்ந்திருப்பாரு. திட்டறவன் தன்னோட தலையை உங்ககிட்ட குடுத்திருக்கான். இவங்க தலையையா குடுத்தாங்க? கோயில் உண்டியல்ல போடற மாதிரி போட்டுட்டுப் போறாங்க. உண்டியல்ல போட்டவன் மிச்சம் கேப்பானா?"

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. மறுநாளே மையத்துக்குப் போனார்.

"மேடம், போர்டுல சலூன்னு மட்டும் பெரிசா போட்டுக்கலாமுங்களா?"

மேடம் நெற்றியைத் தடவினார். "சலூன் ஊர்ல ஆயிரம் இருக்குங்க. உங்களை மாதிரி ஒரு கதை இருக்கா? உங்க கதைதான் உங்க கடை."

"ஆமாங்க மேடம்."

"வியாழக்கிழமை ஒரு கருத்தரங்கம். 'சொந்தக் காலில் நிற்பது எப்படி'ன்னு தலைப்பு. கடையை மூடிட்டு வந்துடுங்க."

"சரிங்க மேடம்."

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டுப் போய், சொந்தக் காலில் நிற்பது எப்படி என்று பேசினார். திரும்பி வந்தபோது, கடைக்குள் கைபேசி உறை விற்கும் ஒருவர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். சாவி கொடுத்திருந்தவர் சலவைக்கடை அக்கா. அந்தக் கட்டடமே அக்காவுடையது.

"கோவிச்சுக்காத தம்பி" என்றார் அக்கா. "உனக்கு வாடகை கட்டறவங்க வருசக் கடைசியோட நிறுத்திக்கறாங்களாம். அதுக்கப்புறம் நீ எதை வச்சுக் கட்டுவே? நான் அந்த மையம் மாதிரி ஆபீஸ் நடத்தலை. எனக்குக் கடை திறந்திருக்கணும், ஆள் வந்து போகணும். உன் கடை திறந்திருக்கற நேரத்தை விட திறப்பு விழா நடக்கற நேரம்தான் அதிகமா இருக்கு. வருசம் முடியறப்ப இப்படியே இருந்துச்சுன்னா இவருக்குக் குடுத்துடுவேன்."

டேப்பைச் சுருட்டும் அந்த மனிதரைச் சலூன்காரர் பார்த்தார். கண்ணுக்கு மீன் பெட்டிகள்தான் தெரிந்தன. வலது கை விரல்களைத் தானாகவே ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் ஐந்தாவது திறப்பு விழா வந்துவிட்டது.

இந்த முறை துண்டு. ஒரு நிறுவனம் முகம் துடைக்கும் துண்டுகள் கொடுத்திருந்தது. அதன் தலைவரே நேரில் வந்து கடையைத் திறந்துவைப்பார். துண்டு நிறுவனத்தின் சின்னம் பழைய பலகையில் இடம் கொள்ளவில்லை. எனவே புதுப் பலகை. காலையிலேயே ஏணியோடு வந்தவர்கள் பழையதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். புதியது வண்டியில் வந்துகொண்டிருந்தது. வாசலில் இடுப்பளவுக்கு ரிப்பனைக் கட்டிவிட்டு, ஒலிபெருக்கிக்கு இணைப்புக் கொடுக்கப் போய்விட்டார்கள்.

ஆக, கடை வைத்த நாளிலிருந்து முதல்முறையாக, அந்தக் கடைமேல் எந்தப் பலகையும் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கத்திரியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள். அவ்வளவுதான்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்த வழியாக நடந்து வந்தார். தெருமுனைதான் அவருடைய வண்டி திரும்பும் இடம். நின்றார். எட்டிப் பார்த்தார்.

"அட, இங்க சலூன் இருக்கா! இத்தனை நாளா இந்தப் பக்கம்தான்யா வண்டி திருப்பறேன், கண்ணுல படவே இல்லையே."

தரை ஈரமாக இருக்கிறதென்று கட்டியிருப்பார்கள் என நினைத்து ரிப்பனைக் குனிந்து தாண்டினார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிக்கணும். அடுத்த நடை எடுக்கணும். பின்னாடி ஏத்து, மேல கையே வைக்காதே. காதுகிட்ட பாத்துப் பண்ணு. போன தடவை ஒருத்தன் கொத்திட்டான்."

சலூன்காரர் நாற்காலியைச் சரியான உயரத்துக்கு ஏற்றினார். மேலே கையே வைக்காதே என்று அவரிடம் ஒருவர் சொல்லி எத்தனை காலமாயிற்று! துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தார். மெஷினை எடுத்தார். பின்பக்கம் முடிந்து வலது காதுக்கு வந்தபோது, கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"வெளிய வாங்க! தலைவர் வந்துட்டாரு!" மேடத்தின் குரல்.

சலூன்காரர் திரும்பினார். ஓடிக்கொண்டிருந்த மெஷினும் அவரோடு சேர்ந்து திரும்பியது. ஓட்டுநரின் காதுக்குமேல், தீப்பெட்டி அளவுக்கு, வழுவழுவென்று ஒரு மைதானம் உண்டாயிற்று.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"யோவ்! என்னய்யா பண்ணி வச்சிருக்கே? தலையா இது, தரிசா? கண்ணைப் பொடனியில வச்சிருக்கியா? இந்தக் கோலத்துல நான் எப்படிய்யா வண்டி எடுப்பேன்? ஏறுற ஜனமெல்லாம் டிக்கெட்டை விட்டுட்டு என் காதைத்தான்யா பாக்கும்!"

சலூன்காரரின் முகம் மலர்ந்தது.

"சிரிக்கறியா? என்ன தைரியம்யா உனக்கு!"

"இல்லைங்க. மன்னிச்சுக்குங்க. சரி பண்ணிடறேங்க."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மேடமும் புகைப்படக்காரரும் பாதி உள்ளே வந்துவிட்டார்கள். பின்னால் துண்டு நிறுவனத் தலைவர், தட்டில் வைத்த கத்திரிக்கோலோடு.

"வாடிக்கையாளரும் இருக்காரா! பிரமாதம்" என்றார் புகைப்படக்காரர். "சார், நீங்க அவரைக் கொஞ்சம் நன்றியோட பாருங்க."

"நன்றியா?" ஓட்டுநர் துணியோடு எழுந்து நின்றார். "என் காதைப் பாருய்யா முதல்ல!"

"ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய வந்துட்டுப் போங்க" என்று மேடம் சலூன்காரரிடம் கெஞ்சினார். "கோட்டு கொண்டுவந்திருக்கேன். தலைவர் இன்னொரு விழாவுக்குப் போகணும்."

ஓட்டுநர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"கதவைச் சாத்துய்யா. என் தலையை முடி. அப்புறம் போய் உன் விழாவை நடத்து."

சலூன்காரர் ஒரு பக்கம் மேடத்தைப் பார்த்தார். உரிமம் வாங்கிக் கொடுத்தவர். இன்னொரு பக்கம் நாற்காலி. ஆமாம் போட்டே பழகிய வாய். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் போடுவது? கடைசியில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கே போட்டார்.

"சரிங்க" என்றார். மேடத்தைக் கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வெளியே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்ததால், தலைவரை ஒலிவாங்கிமுன் நிறுத்தினார்கள். எழுதிக் கொடுத்த உரையை அவர் படிக்கத் தொடங்கினார். கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளேயும் கேட்டது. அலை, இருட்டு, ஓட்டைப் படகு, சவரக் கிண்ணம்.

"யாரைப் பத்திய்யா பேசறாரு?" என்றார் ஓட்டுநர்.

"என்னைப் பத்தித்தாங்க."

"நீ படகுல வந்தியா? எல்லைப் பக்கம் கடலே கிடையாதேய்யா. நான் அந்த ரூட்டுல ஓட்டியிருக்கேன்."

கத்திரி நின்றது. கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பஸ்லதாங்க வந்தேன்."

"எந்த பஸ்? மலை ஏறி வருமே, அதா?"

"அதேதாங்க. வெங்காய மூட்டை மேல உட்கார்ந்துட்டு."

"மூட்டை ஏத்தினா அந்த மேட்டுல இன்ஜின் கொதிச்சிருக்குமே?"

"கொதிச்சுதுங்க. எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க. தள்ளிக்கிட்டே வந்தோம். என் வீட்டுக்காரிக்கு அப்ப காய்ச்சல். அவளை மட்டும் இறங்க வேணாம்னு டிரைவர் சொல்லிட்டாரு. அவளையும் சேர்த்துத் தள்ளினோம். பாதி மேட்டுல திரும்பிப் பார்த்தா ஊரு தெரிஞ்சுது. புகையா இருந்துச்சு."

ஓட்டுநர் கழுத்துத் துணியை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"பிரேக் புடிச்சுதா இறக்கத்துல?"

"பாதிதாங்க புடிச்சுது."

"அந்தக் காலத்து வண்டி எல்லாம் அப்படித்தான்" என்றார் ஓட்டுநர். "நல்ல டிரைவரா இருந்திருக்கணும். தலையைக் குனியட்டுமா?"

"குனிங்க."

காதுக்குமேல் உண்டான மைதானத்துக்குச் சமமாகத் தலை முழுவதையும் குறைத்தாகவேண்டியிருந்தது. முடித்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்போல் இருந்தார்.

"மேல கை வைக்காதேன்னு சொன்னேன். மேல ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டே" என்றார். "முடி வளரட்டும், வர்றேன். அப்ப மட்டும் எவனாவது கதவைத் தட்டினான்னு திரும்பிப் பாத்தே, நடக்கறதே வேற."

பணத்தை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வேகமாக வெளியேறினார். ரிப்பன் நினைவில்லை, வயிற்றில் பட்டு அறுந்தது. சரியான தருணத்துக்காகக் காத்திருந்த புகைப்படக்காரரின் விரல் அழுத்திவிட்டது. ஐந்தாவது திறப்பு விழாவின் ஒரே புகைப்படத்தில், கோபமான ஒரு பேருந்து ஓட்டுநர், மொட்டைக்குச் சற்று மேலான தலையோடு, ரிப்பனை அறுத்துக்கொண்டு வெளியே பாய்கிறார். பின்னால் துண்டு நிறுவனத் தலைவர் கத்திரிக்கோலோடு வாயைப் பிளந்து நிற்கிறார்.

கூட்டம் கலைந்தது. புதுப் பலகை வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று.

அன்று மாலை பேருந்துப் பணிமனையில் ஓட்டுநரின் தலையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. எவன் செய்தான் என்று கேட்டார்கள். அவர் கடையின் இடத்தைச் சொல்லி, செய்தவனை வண்டி வண்டியாகத் திட்டினார். திட்டைக் கேட்டவர்களில் ஒரு நடத்துநர், ஆள் எப்படித்தான் இருக்கிறான் பார்ப்போம் என்று மறுநாள் வந்தார். வந்த இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நன்றாகவே அமைந்தது; ஆனாலும் மீசையின் இடது பக்கம் தூக்கலாக இருக்கிறதென்று சண்டை போட்டார். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். நடைக்கும் நடைக்கும் இடையில் ஓட்டுநர்களுக்கு உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. கால் இல்லாத அந்த நாற்காலிக்கு ஒருவர் கட்டை வைத்துக் காலாக்கினார். கண்ணாடிக் கதவில் சலூன்காரரே பெயின்டால் 'சலூன்' என்று எழுதினார். எழுத்து மேட்டில் ஏறுகிறது என்று நடத்துநர் குறை சொன்னார்.

மனைவி குளிரறை வேலை முடிந்து ஒருநாள் கடைக்கு வந்தார். உள்ளே இருவர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிருதாவைப் பற்றி, மற்றவர் காத்திருந்ததைப் பற்றி. மனைவி கதவுக்கு வெளியிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, கணவரைக் கூப்பிடாமலே வீட்டுக்குப் போனார்.

வருடக் கடைசி நெருங்கியபோது மேடம் வந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. கத்திரியோடு திரும்பப்போன சலூன்காரர், ஓட்டுநரின் மிரட்டல் நினைவுக்கு வந்து, திரும்பாமலே சொன்னார்.

"உட்காருங்க மேடம். இவங்களை முடிச்சுட்டு வந்துடறேன்."

மேடம் கட்டைக் கால் நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்க, அவரும் காத்திருந்தார். முறை வந்ததும் அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, அவருக்கு வெட்டிக்கொண்டிருந்த சலூன்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தலைவர் ரொம்பக் கோபமா இருக்காரு. உங்களை வெற்றிக் கதைகள்ல இருந்து எடுத்துட்டாங்க. ரெண்டாவது நாற்காலிக்குச் சொல்லி வச்சிருந்தேன், அதுவும் இல்லைன்னுட்டாங்க. எனக்கும் மேல ஆளு இருக்காங்க, என்ன பண்ணட்டும்?"

"போஸ்டரும் இல்லைங்களா மேடம்?" அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"இல்லைங்க. இனிமே சைக்கிள் கடைக்காரர்."

"அவரு ரயில்ல வந்தவராச்சே?"

"ரயில் போற வழியில ஒரு ஏரி இருக்காம்" என்றார் மேடம், சிரிக்காமல். பிறகு தன்னையறியாமல் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து சலவைக்கடை அக்கா உள்ளே வந்தார். கூடவே கைபேசி உறைக்காரர், டேப்போடு. அளக்க முடியவில்லை, சுவரோரமெல்லாம் ஆள் இருந்தார்கள்.

"வரிசையில வாங்க சார்" என்று ஓட்டுநர் ஒருவர் அதட்டினார். உறைக்காரர் தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போய்க் கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சலூன்காரர் பக்கம் திரும்பினார்.

"இங்க பாரு தம்பி, உன் கடை முடியெல்லாம் காத்துல பறந்து வந்து நான் காயப்போட்ட போர்வையில ஒட்டுது. நல்லாத்தான் கூட்டம் சேர்க்கறே. அதனால வாடகையை ஏத்தப்போறேன், சொல்லிட்டேன்."

மேடம் பதறி எழுந்தார். "அக்கா, அவர் புகலிடம் தேடி வந்தவர், கொஞ்சம் கருணையோட..."

"நீங்க உட்காருங்க மேடம்" என்றார் சலூன்காரர்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். சலூன்காரர் கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே போய் நின்றார்.

"வாடகையை ஏத்துவீங்களா? குழாயில தண்ணி நூல் மாதிரி வருது, அதைப் பத்திக் கேட்டீங்களா? கதவு கீல் கத்தறது தெருமுனைக்குக் கேக்குது. மழை பேஞ்சா அந்த மூலையில பக்கெட் வைக்கறேன். அதையெல்லாம் சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் வாடகையைப் பத்திப் பேசலாம்."

"அடேயப்பா! வாயைப் பாரு! நேத்து வரைக்கும் ஆமாங்க சரிங்கன்னு இருந்த ஆளா இது?"

"ஆளு அதேதாங்க. குழாய்தான் சரியில்ல."

"குழாயைப் பத்தி நீ பேசறியா? நீ வர்றதுக்கு முன்னாடி அந்தக் குழாய்ல..."

இரண்டு பேரும் குரல் உயர்த்தினார்கள். ஓட்டுநர்கள் சலூன்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நடத்துநர் மட்டும் அக்கா பக்கம். மீசை விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. வாசலில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாற்காலியில் பாதி முடியோடு இருந்தவர், "யாராவது வந்து என் தலையைக் கவனிங்கப்பா" என்று கத்தினார்.

"இதோ வந்துட்டேன்" என்றார் சலூன்காரர், அக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல கீலைச் சொல்லுங்க. எப்ப மாத்தறீங்க?"